அனுமதி மறுப்பின் காரணங்கள்: ஒற்றைப்பலகைக் கணினி பற்றிய ஒரு விளக்கம்

றாஸ்பெரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணினி 2012ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது. இளைய மாணவர் குறைந்த செலவிற் கணினியியலைக் கற்றல் வேண்டும் என்பதே அதனை ஆக்கியோரின் முதல் நோக்கமாகும். 2014ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த அதன் பெரும்பாலான மாதிரிகளில் நாற்பது உலோக முனைகள் ஓரமாக அமைந்துள்ளன. 'பின்' என வழங்கும் இவற்றுட் சில மின்வலுவை அளிப்பன. சில புவித்தொடுப்புக்கு உரியன. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை செய்நிரலின் ஆணைப்படி மின்னை வெளியிடவோ உணரவோ வல்லன. எழுதப்பட்ட செய்நிரல் புற உலகிற் செயலாக மாறும் இடம் இதுவே.

இவ்விடத்திலேயே தொடக்கநிலை மாணவர் பலர் தடையொன்றை எதிர்கொள்கின்றனர். விளக்கொன்றை எரியச் செய்ய எழுதிய செய்நிரல் இயங்காது, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் செய்தி திரையில் தோன்றுகின்றது. ஆணைக்கு முன்னே 'சூடோ' என்னும் சொல்லை இட்டு, முழு அதிகாரத்துடன் இயக்குக என்பதே அவர்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் அறிவுரையாகும். விளக்கு எரிகின்றது, தடைக்கான காரணம் மட்டும் விளங்காமலே போகின்றது. அக்காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இத்தடையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யுனிக்ஸ் இயக்குமுறைமையை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூவகையினர் வகுக்கப்பட்டு, வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகள் அவர்களுக்குத் தனித்தனியே வழங்கப்பட்டன. சாதனங்களும் கோப்புகளாகவே கொள்ளப்பட்டன. 1991இல் தோன்றிய லினக்ஸ் இம்மரபையே பின்பற்றியது. றாஸ்பெரி பையில் பெரும்பாலும் இயங்குவதும் லினக்ஸே. ஆகவே முனையொன்றை இயக்குதல் என்பது ஒரு கோப்பைத் திறத்தலாகும். எந்தக் கோப்பு, அது யாருக்கு உரியது, எக்குழுவுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முனைகளை அடையும் வழிகள் காலப்போக்கில் மாறிவந்துள்ளன. பழைய செய்நிரல்கள் 'டெவ்' அடைவிலுள்ள 'மெம்' என்னும் கோப்பைத் திறந்தன. அது கணினியின் நினைவகம் முழுவதற்குமான வாயிலாதலால், 'றூற்' எனப்படும் முதன்மைப் பயனருக்கே உரியதாயிற்று. 2015ஆம் ஆண்டில் முனைகளுக்குரிய பகுதியை மாத்திரம் வெளிப்படுத்தும் 'ஜிபிஐஓமெம்' என்னும் கோப்பு அறிமுகமாகி, 'ஜிபிஐஓ' என்னும் குழுவினருக்குத் திறந்துவிடப்பட்டது. 2016இல் 'ஜிபிஐஓசிப்' என்னும் புதிய சாதனக் கோப்புமுறை லினக்ஸிற் சேர்ந்தது. அதற்கு முன்னர் வழங்கிய 'சிஸ்எஃப்எஸ்' வழி அத்துடன் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது.

இனிச் சிக்கலை ஆராயும் முறையைக் காண்போம். முதலில், தடை உண்மையில் அனுமதி பற்றியதுதானா என உறுதிசெய்தல் வேண்டும். 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்னும் செய்தி தோன்றினால், வேறொரு செய்நிரல் அம்முனையைப் பிடித்திருக்கின்றது என்பதே பொருள். 2023இல் வெளியான றாஸ்பெரி பை 5இல் முனைகள் தனியொரு சில்லின் பொறுப்பில் விடப்பட்டன. நினைவகத்தை நேரே தொடும் பழைய செய்நிரல் நூலகங்கள் முழு அதிகாரம் பெற்றாலும் அங்கு இயங்கா; நூலகத்தை மாற்றுவதே வழி.

இரண்டாவதாக, 'எல்எஸ்' ஆணையை 'எல்' என்னும் தெரிவுடன் இட்டுக் கோப்பின் உரிமையாளரையும் குழுவையும் அறிதல் வேண்டும். மூன்றாவதாக, 'குறூப்ஸ்' ஆணையால், தாம் அக்குழுவிற் சேர்ந்துள்ளோமா எனப் பார்த்தல் வேண்டும். றாஸ்பெரி பையின் சொந்த இயக்குமுறைமை முதற் பயனரைத் தானே குழுவிற் சேர்க்கின்றது. பின்னர் ஆக்கப்படும் பயனர் சேர்க்கப்படாதிருக்கலாம். 'யூசர்மொட்' ஆணையில் 'ஜி' என்னும் பெரிய எழுத்துடன் 'ஏ' என்னும் சிறிய எழுத்தையும் இட்டே குழுவிற் சேர்த்தல் வேண்டும். 'ஏ' விடுபடின் பயனர் தம் ஏனைய துணைக்குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். 'சூடோ' உரிமையையும் அவர் இழக்கக்கூடும். குழு உறுப்புரிமை உள்நுழையும்போதே வழங்கப்படுவதால், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைதல் அவசியம்.

கோப்பு றூற் குழுவுக்கே உரியதாயின், 'யூடெவ்' விதியொன்றை எழுதிக் குழுவை மாற்றலாம். கோப்பின் உரிமைகளைக் கையால் மாற்றுவது நிலையான தீர்வன்று. சாதனக் கோப்புகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக ஆக்கப்படுகின்றன. சிஸ்எஃப்எஸ் வழியில் இன்னொரு நுட்பமும் உண்டு. முனையைக் கோரியவுடன் தோன்றும் கோப்புகள் முதலில் றூற்றுக்கு உரியனவாக இருந்து, சிறிது கழித்தே குழுவுக்கு மாறுகின்றன. அதற்குள் எழுத முனையும் செய்நிரல் முதன்முறை தோற்று, மறுமுறை வெல்லும்.

முழு அதிகாரத்துடன் இயக்கினால் என்ன என்னும் வினா எழலாம். நீர்ப்பம்பியொன்றை இயக்கும் செய்நிரல் வலையமைப்பின் வழியாகவும் ஆணை பெறக்கூடும். அதில் ஒரு வழு இருப்பின், குழு உரிமை மட்டும் பெற்ற செய்நிரலால் நேரும் தீங்கு ஓரளவுக்கு உட்பட்டது. றூற் உரிமை பெற்றதாயின் கணினி முழுவதுமே பிறர் கைக்குப் போகும். மேலும், 'சூடோ' இட்டு இயக்கியபோது எழுதப்பட்ட பதிவுக் கோப்புகள் றூற்றுக்கே உரியனவாகி, மறுநாள் சாதாரண இயக்கத்திற்குப் புதியதொரு தடையை விளைவிக்கின்றன.

இவ்வொழுங்குக்கு எல்லையும் உண்டு. கோப்பின் அனுமதி மின்சுற்றைக் காவாது. 3.3 உவோற்றுக்கு அமைந்த முனையில் 5 உவோற்று செலுத்தப்படின் சில்லு பழுதடையலாம். எந்த அனுமதி விதியும் அதனைத் தடுக்காது.

தடையை அகற்றுவதும் தடையை விளங்கிக்கொள்வதும் வேறு வேறானவை. அதிகாரம் எங்கே குவிந்துள்ளது, எவ்வளவு பகிரப்படலாம் என்பவற்றை அறிந்த மாணவருக்கே கருவி வசப்படும். மலிவான கணினியைக் கையிற் கொடுப்பதோடு கல்வியின் பணி முடிவதில்லை. அதன் ஒழுங்கைக் கற்பிப்பதும் அப்பணியே என்பது எமது துணிபு.