உங்களுக்குத் தெரியுமா? முடிச்சுப் போடாத தையல்

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கருப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவையை 1988 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டாக்டர் ஹாரி ரைக் முதன்முதலில் செய்தார். கருப்பையை முழுவதும் எடுத்தபின் பிறப்புறுப்பின் மேல்முனை திறந்து கிடக்கும். அதைத் தைத்து மூடுவதுதான் கடினம். நீண்ட கருவிகளை வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, உள்ளே முடிச்சுப் போட வேண்டும்.

அந்த வேலையை எளிதாக்குவதுதான் முள் நூல். நூல் நெடுகிலும் நுண்ணிய முட்கள். நெல்லின் சுணையைப் போல ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளும். அதனால் முடிச்சே வேண்டாம். ஆனால் நூலின் நுனி நீண்டிருந்தால் குடலில் மாட்டி அடைப்பை உண்டாக்கலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் இதுபோன்ற புதிய சாதனத்தைச் சோதிக்கும்போது தைக்க எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் பார்த்தால் போதாது. ரத்தக்கசிவு, தொற்று, தையல் பிரிதல் என எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய சோதனைகள் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளுக்கு உட்பட்டவை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற்ற சம்மதமும் கட்டாயம்.

வேதாரண்யம் உப்பளத்தில் சுமை தூக்கும் பெண்ணுக்கும், குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும் இந்த அறுவை வெறும் மருத்துவச் செய்தி அல்ல. வெளியே தெரியும் தழும்பு சிறியதுதான். என்றாலும் உள்தையல் ஆற நாளாகும். சுமார் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. வீட்டார் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.