லித்துவேனியா: தொண்டு செய்யப் புறப்படுவோர் அறிய வேண்டுவன

நம் சங்கத்து வாசகசாலையில் ஒருநாள் மாலை உறுப்பினர் ஒருவரின் மகள், தான் லித்துவேனியா நாட்டிற்குச் சென்று ஓராண்டு தொண்டு செய்யப் போவதாகக் கூறினாள். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அது ருஷ்யாவைச் சேர்ந்த மாகாணந்தானே, அம்மா?" என்று வினவினார். அவள் விடை கூறத் தயங்கினாள். யாமும் அன்று தெளிவான விடை அறியோம். இக்கேள்வி அந்நாட்டார் நெஞ்சை எத்துணைப் புண்படுத்தக்கூடியது என்பதைப் பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோதே உணர்ந்தோம். இனிச் செல்லவிருக்கும் இளைஞர்க்குப் பயன்படும் என்று கருதி, அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

நாடும் மக்களும்

பால்டிக் கடலின் கீழைக் கரையில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா என மூன்று நாடுகள் வடக்கிலிருந்து தெற்காக அமைந்துள்ளன. மூன்றனுள் பெரியது லித்துவேனியா. அதன் பரப்பு சுமார் 65,300 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. மக்களோ 28 இலட்சத்தை ஒட்டியவரே. 1990-ஆம் ஆண்டில் 37 இலட்சம் பேர் இருந்தனர். பிழைப்பை நாடிப் பிற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் பலராதலின் இக்குறைவு நேர்ந்தது. பிள்ளைகள் தொலைவில் வாழ, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் சிற்றூர்களில் மிகுதி. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அவர்தம் நிலையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. முதியோர்க்குத் துணையிருத்தல், சிறுவர்க்குப் பயிற்சியளித்தல், 2022 முதல் உக்ரைனிலிருந்து அடைக்கலம் புகுந்தோர்க்கு உதவுதல் முதலியன அங்குத் தொண்டர் செய்யும் பணிகள்.

நிலம் பெரும்பாலும் சமவெளி. மிக உயர்ந்த குன்றும் 300 மீட்டரை எட்டாது. மூன்றில் ஒரு பங்கு காடு, ஏரிகள் பல. நேமுனஸ் என்பது பேராறு. தலைநகர் வில்னியஸ், அதனை அடுத்த பெருநகர் கௌனஸ். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

எழுத்துக்குத் தடை

லித்துவேனியர் ஒரு காலத்தில் பேரரசு நடத்தியவர். 1410-இல் போலந்தாரோடு கூடி டியூட்டானியப் படையை வென்றனர். 1795-இல் நாட்டின் பெரும்பகுதி ருஷ்யப் பேரரசின் கீழ்ப்பட்டது. 1863-இல் கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்கிய ஆட்சியாளர், 1864 முதல் லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுதலாகாது, ருஷ்ய எழுத்திலேயே அச்சிடல் வேண்டும் என்று ஆணையிட்டனர். இத்தடை நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

மக்கள் அடங்கினரல்லர். எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவில், நூல்கள் அச்சாயின. உழவரும் பாதிரிமாரும் அவற்றை மூட்டைகளில் மறைத்து இரவோடிரவாகச் சுமந்து வந்தனர். பிடிபட்டோர் சிறையும் சைபீரிய நாடுகடத்தலும் ஏற்றனர். எல்லைக் காவலர் துப்பாக்கிக்கு இரையானோரும் உளர். வீடுகளில் தாய் இராட்டையில் நூல் நூற்றவாறே குழந்தைக்கு எழுத்துக் கற்பித்தாள். அக்காட்சியைப் பெட்ரஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906-இல் சிலையாக வடித்தார். 1904-இல் தடை நீங்கிற்று. நூல் சுமந்தோரை நினைந்து மார்ச் 16-ஆம் நாளை அந்நாட்டார் இன்றும் கொண்டாடுகின்றனர்.

1918 பிப்ரவரி 16-இல் விடுதலை அறிவித்தனர். 1940-இல் சோவியத் ஆட்சி நாட்டை விழுங்கியது. 1941-இல் ஜெர்மன் நாஜிகள் புகுந்தனர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூதருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அக்கொடுமைக்கு உள்ளூராரிலும் சிலர் உடந்தையாயினர். 1944-இல் சோவியத் ஆட்சி மீண்டது. அவ்வாட்சியில் இலட்சத்திற்கு மேற்பட்டோர் சைபீரியா முதலிய இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1989 ஆகஸ்டு 23-இல் மூன்று பால்டிக் நாட்டு மக்களும் வில்னியஸ் முதல் தாலின் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றனர். 1990 மார்ச் 11-இல் லித்துவேனியா மீண்டும் விடுதலை அறிவித்தது. 1991 சனவரி 13-இல் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற மக்கள் மீது சோவியத் படை பாய, பதினால்வர் உயிர் நீத்தனர். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இவ்வரலாறே.

இரயில்வே அலுவலில் இருப்பதால் ஒன்று எம் கருத்தைக் கவர்ந்தது. அங்குத் தண்டவாள அகலம் ருஷ்யர் அமைத்த 1520 மில்லிமீட்டர். மேலை ஐரோப்பாவில் 1435. இப்போது 1435 அகலத்தில் புதிய பாதை இட்டுத் தம் நாட்டைப் போலந்து வழியே மேற்குடன் இணைத்து வருகின்றனர். தாம் எப்பக்கம் சேர்ந்தவர் என்பதைத் தண்டவாளத்தாலும் எழுதுகின்றனர் போலும்!

மொழியும் பழக்கமும்

ஐரோப்பாவில் இன்று வழங்கும் மொழிகளுள் தொன்மை வடிவங்களை மிகுதியாகக் காத்தவற்றுள் ஒன்று லித்துவேனியம். நெருப்பு 'உக்னிஸ்', கடவுள் 'தியேவஸ்', ஆண்மகன் 'வீரஸ்'. வடமொழியின் அக்னி, தேவ, வீர என்னும் சொற்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? வேற்றுமை நமக்கு எட்டு, அவர்க்கு ஏழு. விளி வேற்றுமையும் உண்டு. 'யோனஸ்' என்பாரை அழைக்கையில் 'யோனாய்' எனல் வேண்டும். 'லாப தியெனா' என்பது பகல் வணக்கம்; 'ஆச்சூ' என்பது நன்றி. இவ்விரண்டையேனும் கற்றுச் செல்க.

மாரிக்காலத்தில் பகல் ஏழு மணி நேரமே. வெயிற்காலத்தில் பதினேழு மணி. சனவரியில் குளிர் உறைநிலைக்குக் கீழே செல்லும். கம்பளி உடையும் நல்ல காலணியும் இன்றியமையாதன. கருநிற ரை ரொட்டியும் உருளைக்கிழங்கும் அன்றாட உணவு. மரக்கறி உண்போர் முன்னரே கூறிவிடுதல் நன்று. வாயிற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்கலாகாது. மலர் கொடுப்பின் ஒற்றைப்படையாகக் கொடுக்க, இரட்டைப்படை இழவுக்குரியது.

நாணயம் 2015 முதல் யூரோ. நாடு ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம். அதற்கு மேல் தங்குவோர் நீண்டகால விசா பெறல் வேண்டும். அழைக்கும் நிறுவனத்தின் கடிதத்தைக் கையில் பெற்று, புதுதில்லியிலுள்ள லித்துவேனியத் தூதரகத்தில் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே பயணச் சீட்டு வாங்குக.

ஒரு பழங்கடன்

இறுதியாக ஒன்று. காந்தியடிகளின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் இன்றைய லித்துவேனிய மண்ணில் 1871-இல் பிறந்த யூதர். 1910-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே சுமார் 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ விட்டவர் அவரே. அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். அச்சிறுவர்க்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார். நேமுனஸ் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ருஸ்னே என்னும் ஊரில் இருவருக்கும் 2015-இல் சிலை வைத்துள்ளனர்.

வீடிழந்து நின்ற தமிழர்க்கு நிழல் தந்தவர் பிறந்த நாட்டிற்கு நம் பிள்ளைகள் தொண்டு செய்யச் செல்கின்றனர். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியார் அருகே அமரும்போது, தம் எழுத்தைக் காக்க மூட்டை சுமந்தவரின் வழிவந்தவர் அவர் என்பதை நினைவிற்கொள்க. சென்று, நற்பெயருடன் மீள்க!