பித்தவெடிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்!



நெட்டப்பாக்கம், மடுகரை, ஏம்பலம், கரியமாணிக்கம் என்று நம் பக்கத்துப் பெண்களுக்குச் சேறும் வெயிலும் புதிதல்ல. நாற்று நடுகிறோம், கரும்புச் சோகை உரிக்கிறோம், மண் சுமக்கிறோம், வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கிறோம். கை சொரசொரன்னு இருக்கும், காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், குதிகால் வெடிக்கும். "இதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்று கேட்போம். போக வேண்டியதில்லை. வீட்டிலேயே சரி செய்யலாம். ஆனால் சிலர் மட்டும் கட்டாயம் போக வேண்டும். யார் அந்தச் சிலர் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

தோல் ஏன் வறண்டு போகிறது?

நம் தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்புதான் பூச்சுக்கலவை. இந்தக் கலவை நன்றாக இருந்தால் உடம்பில் உள்ள ஈரம் வெளியே போகாது. கலவை உதிர்ந்தால் ஈரம் கசிந்து போகும். தோல் சுருங்கும், அரிக்கும், வெடிக்கும்.

கலவையை உதிர்ப்பவை எவை? கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காரமான சோப்பு, துணி சோப்பிலேயே கை கால் கழுவும் பழக்கம், மார்கழி, தை மாதத்துக் காய்ந்த காற்று, சிமெண்டு, உரம் இவையெல்லாம்தான். வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பும் குறையும்.

"தண்ணி நிறைய குடிச்சா தோல் சரியாயிடும்" என்பார்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். குடிக்காவிட்டால் வாய் காயும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், தலை சுற்றும். ஆனால் சுவரில் கலவை உதிர்ந்திருந்தால், எத்தனை சொம்பு குடித்தாலும் தோலில் ஈரம் நிற்காது. வெளியே இருந்தும் பூச வேண்டும்.

என்ன பூசலாம்?

விலை உயர்ந்த க்ரீம் தேவையே இல்லை. தேங்காய் எண்ணெய் போதும். 2004-ல் வெளியான பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. வாசலின் களிம்பும் நல்லது.

எப்போது பூசுகிறோம் என்பதுதான் முக்கியம். குளித்துவிட்டு, உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே பூச வேண்டும். அப்போதுதான் எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான்.

சிவப்பழகுக்கு என்று சொல்லியும், சேற்றுப்புண்ணுக்கு என்று சொல்லியும் கடையில் கொடுக்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து போகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

பித்தவெடிப்புக்கு வைத்தியம்

குதிகால் தோல் தடித்துக் காய்ந்திருக்கும்போது உடம்பு பாரம் அதன்மேல் விழுந்தால், அது விரிய முடியாமல் வெடிக்கிறது. இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். படிக்கல்லில் மெதுவாகத் தேயுங்கள். துடைத்து, எண்ணெயோ வாசலினோ தடவி, பழைய பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பகலில் குதிகாலை மூடிய செருப்பு நல்லது. பிளேடால் சீவவே கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க!

மேலே சொன்ன வெந்நீரும் கல்லும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம். ஏன் தெரியுமா? சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் கால் நரம்பு கெடுகிறது. நரம்பு கெட்டால் காலில் வியர்வை வராது. அதனால் பாதம் காய்ந்து வெடிக்கும். அதே நரம்புதான் வலியையும் சொல்ல வேண்டும், அதையும் சொல்லாது. வெந்நீர் சுட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. வெடிப்பு வழியாகக் கிருமி போய், சீழ் பிடித்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்துவிடலாம். கால் போனால் கூலி போச்சு. குழுவில் வாங்கிய கடன் மருத்துவச் செலவுக்கே போய்விடும்.

இவர்கள் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லை பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெறுங்காலோடு வயலுக்கும் கொல்லைக்கும் போகாதீர்கள்.

கூட்டத்தில் செய்யும் சோதனை

இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவமனையில் உருவாக்கிய எளிய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒரு விரலை ஒரு தடவைதான் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு தொடுதல். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் நரம்பு பாதித்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை

உடம்பில் ஒரே ஒரு இடம் மட்டும் வெளுத்தோ சிவந்தோ, காய்ந்து, வியர்க்காமல் இருக்கிறதா? தொட்டால் உணர்ச்சி இல்லையா? அது வெறும் வறட்சி இல்லாமல் தொழுநோயாக இருக்கலாம். பயமும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம். 6 முதல் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். சீக்கிரம் பார்த்தால் கைகால் ஊனம் வராமல் தடுக்கலாம்.

உடம்பு முழுக்கத் தோல் காய்ந்து, முடி கொட்டி, உடம்பு போட்டு, எப்போதும் அசதியாக இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இவர்கள் எல்லாரும் முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்தான். வெடிப்பில் ரத்தம், சீழ், வீக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் காலை ஒருவர் பாருங்கள், ஆறு விரலைத் தொட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு வர முடியாத வயதான அம்மாக்களின் வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.