ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

வில்லியனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திரை நீலமாகி மெஷின் நின்றுபோனால், வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடு தம்பி.” அடித்தால் காசு வரும். ஆனால் விண்டோஸ் விழும்போது எழுதிவைக்கும் டம்ப் கோப்பும் அதோடு போய்விடும். பிராசஸர் எந்த உத்தரவில் நின்றது, ரிஜிஸ்டர்களில் என்ன எண்கள் இருந்தன என்பதெல்லாம் அதில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் என்ற டீபக்கரில் திறந்தால், வெறும் எண்களாகக் கிடக்கும் பைட்களை உத்தரவுகளாகப் பிரித்துக் காட்டும். இதுதான் டிஸ்அசெம்பிளி.

உலகமே பார்த்த கேஸ் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது, 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் மெஷின்கள் பாதிக்கப்பட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

விண்டோஸ் விழுந்த இடத்தில் இருந்தவை மூன்று பைட்கள்: 45, 8பி, 08. ‘ஆர்8 ரிஜிஸ்டர் காட்டும் முகவரியில் உள்ள எண்ணை எடுத்து ஆர்9 ரிஜிஸ்டரில் போடு’ என்று அர்த்தம். முதல் பைட்டை விட்டுவிட்டுப் படித்தால், ‘ஆர்ஏஎக்ஸ் காட்டும் இடத்திலிருந்து இசிஎக்ஸுக்கு எடு’ என்று வேறொன்றாகிவிடும். இன்டெல் வகை உத்தரவுகள் 1 பைட்டிலிருந்து 15 பைட் வரை நீளும். நடுவே எல்லைக்கல் கிடையாது. அதனால் பின்னோக்கிப் படிக்கும்போது டீபக்கர் காட்டுவதை நான் அப்படியே நம்புவதில்லை.

முகவரி பூஜ்யமா என்று சோதிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அப்போது பலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இரண்டு வரி மேலே பார்த்திருக்கலாம். ‘ஆர்8 பூஜ்யமா பார், பூஜ்யமானால் தாண்டிப் போ’ என்ற சோதனை அங்கேயே இருந்தது. ஆர்8-இல் கிடந்தது பூஜ்யமல்ல, குப்பை எண். சோதனை அதை விட்டுவிட்டது.

குப்பை வந்த வழி இன்னும் மேலே இருக்கிறது. ஒரு பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கும் உத்தரவு அது. வரிசை எண் வைத்திருந்த ஆர்11-இல் 20. கம்ப்யூட்டர் 0-விலிருந்து எண்ணும் என்பதால் 20 என்றால் 21-ஆவது. பட்டியலில் இருந்தவையோ 20தான். ஆகஸ்ட் 6-இல் வந்த நிறுவனத்தின் அறிக்கையும் இதையே சொன்னது. சாதாரண புரோகிராம் இப்படி எல்லை மீறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இது விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஓடிய டிரைவர். அங்கே தப்பு நடந்த பிறகும் ஓடி டேட்டாவைக் கெடுப்பதைவிட நிற்பதே மேல் என்று விண்டோஸ் தானாகவே நின்றுவிடுகிறது.

என் மேசைக்கு வருபவை சின்ன கேஸ்கள். பாகூர் நெல் வியாபாரி ஒருவரின் மெஷினில் ஒவ்வொரு டம்ப்பும் ஒவ்வொரு டிரைவரைக் கைகாட்டியது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். பெரிய டம்ப் எழுதும்படி செட்டிங்கை மாற்றிவிட்டு, அடுத்த முறை விழுந்ததும், நினைவகத்தில் இருந்த பைட்களை மைக்ரோசாஃப்டின் அசல் கோப்போடு ஒப்பிட்டேன். 74 இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தது. 74 என்றால் ‘பூஜ்யமானால் தாண்டு’, 75 என்றால் ‘பூஜ்யமில்லாவிட்டால் தாண்டு’. ஒரே ஒரு பிட் புரண்டு அர்த்தம் தலைகீழாகிவிட்டது. மென்பொருள் இப்படி ஒற்றை பிட்டைப் புரட்டுவது அபூர்வம். ரேம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன்; ஒன்று கெட்டிருந்தது. ஃபார்மட் அடித்திருந்தாலும் நீலத் திரை திரும்பி வந்திருக்கும்.

“அப்ப கணக்கெல்லாம் பத்திரமா இருக்குதா?” என்று கேட்டார். நோட்டுப் புத்தகத்தோடு ஒருமுறை சரிபார்க்கச் சொன்னேன். கெட்ட ரேம் வழியாகப் போன எண்களில் எது புரண்டு டிஸ்க்கில் எழுதப்பட்டது என்பது டம்ப்பில் இருக்காது.