கேமரா ஒன்று போதும்... ஆட்கள் பன்னிரண்டு பேர் வேண்டும்!

வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும். ஆலயத்திலிருந்து கடற்கரை வரை எங்கு பார்த்தாலும் தலைகள்தான். ஆனால் 2020-ல் கொரோனா கட்டுப்பாடுகளால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. காவி உடுத்தி பாதயாத்திரை போய்ப் பழகியவர்கள், செப்டம்பர் 8 வரை நடந்த திருவிழாவை டி.வி-யிலும் செல்போனிலும்தான் பார்த்தார்கள்.

கட்டுப்பாடுகள் போய்விட்டன. நேரலை மட்டும் தங்கிவிட்டது. தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். ஊர்த் திருவிழாவை அந்தப் பிள்ளைகள் அங்கிருந்தே பார்க்கிறார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கோ ஞாயிறு திருப்பலியே இந்தச் சின்னத் திரையில்தான்.

இது புதிய ஆசையும் அல்ல. இத்தாலியின் அசிசி நகரில் வாழ்ந்த புனித கிளாரா, நோயால் கோயிலுக்குப் போக முடியாத ஓர் இரவில், அங்கே நடந்த வழிபாட்டைப் படுக்கையில் இருந்தபடியே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதனால்தான் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் அறிவித்தார். ஆக, நேரலையின் முதல் பார்வையாளர் எழுந்து வர முடியாதவர். அவரை மனதில் வைத்துத் திட்டமிட்டாலே பாதிச் செலவு குறையும்.

முதலில் சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். மறையுரை காதில் விழவில்லை என்றால் அணைத்துவிடுவார்கள். உயரமான கூரையுள்ள ஆலயத்தின் பின்வரிசையில் செல்போனை வைத்து எடுத்தால், எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும்தான் பதிவாகும். எனவே ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு ஒயர் இழுத்து, அதற்கான இணைப்புக் கருவி வழியே போனிலோ கம்ப்யூட்டரிலோ கொடுக்க வேண்டும். பாடகர் குழுவுக்குத் தனி மைக் அவசியம்.

கேமராவுக்கு அவசரம் இல்லை. நல்ல செல்போனும் அசையாத ஸ்டாண்டும் தொடக்கத்துக்குப் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் ஓ.பி.எஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: யூடியூபில் முதன்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்போன் செயலியிலிருந்து நேரலை செய்ய சேனலுக்கு 50 சந்தாதாரர்களாவது வேண்டும். திருவிழா அன்று காலையில் தொடங்கினால் ஏமாற்றம்தான்.

நெட்டும் கரன்ட்டும்

720பி தரத்துக்கு நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் தேவை. ஒன்றரை மணி நேரத் திருப்பலிக்கு ஏறத்தாழ 2.7 ஜி.பி ஆகும். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாமல், அப்லோடு வேகம் இதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் கூடும் நாளில் செல்போன் நெட்வொர்க் திணறும். ஒயர் வழி இணைப்பே நம்பகமானது. சிம் கார்டு இணைப்பை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயலைக் கண்ட மண்ணுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ் போட்டுவிட்டு மோடத்தையும் மிக்ஸரையும் விட்டுவிடுகிறார்கள். மூன்றில் ஒன்று அணைந்தாலும் நேரலை போச்சு.

ஆட்கள்தான் அஸ்திவாரம்

கருவி வாங்க நன்கொடை கிடைத்துவிடும். வாராவாரம் நிற்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். விவரம் தெரிந்த ஒரே இளைஞர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால், ஆறு மாதத்தில் அவர் சலித்துப்போவார். சென்னையில் வேலை கிடைத்தால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும்.

வேலைகள் நான்கு: கேமரா, ஒலி, கம்ப்யூட்டர், கண்காணிப்பு. நான்காமவர் வீட்டிலிருந்தே செல்போன் டேட்டாவில் பார்த்து, 'சத்தம் குறைவு' என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும். நடக்க முடியாதவர்கள்கூட இதைச் செய்யலாம். நால்வர் கொண்ட மூன்று குழுக்கள் அமைத்தால் 12 பேர். ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். மற்ற இரண்டு ஞாயிறும் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜெபிக்கலாம். அன்பியங்கள் வாரியாக ஆள் கேட்டால் எல்லாத் தெருவுக்கும் பங்கு இருக்கும்.

அட்டவணை போடும்போது ஊரின் காலண்டரையும் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதை ஒட்டியே புனித வாரமும் வரும். மாணவர்களை மட்டும் நம்பினால் முக்கியமான நாளில் ஆள் இருக்காது. சேனலை நிர்வகிக்கும் அனுமதியை, பாஸ்வேர்டைப் பகிராமலேயே இன்னும் இருவருக்குக் கொடுக்க யூடியூபில் வழி உண்டு.

காட்டக் கூடாதவை

அழுதபடி முழந்தாளிட்டு இருப்பவரின் முகம், சிறு குழந்தைகளின் நெருக்கமான காட்சி, நோயாளியின் பெயரும் நோயும் சேர்ந்த மன்றாட்டு... ஆலயத்துக்குள் இவை பகிரப்படலாம், இணையத்தில் வேண்டாம். கேமரா பீடத்தை நோக்கியே இருக்கட்டும். நேரலை நடப்பதை வாசலில் எழுதி வைப்பது மரியாதை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளக்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலை, படுக்கையில் இருக்கும் நான்கு பேருக்குப் போன் போட்டு, "இன்னிக்குப் பிரசங்கம் கேட்டுச்சாம்மா?" என்று கேளுங்கள். அடுத்த வாரம் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.