உடம்பில் ஊறிய உலோகம் – 9: முட்டைக்கு முன் ஒரு கொக்கு

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய மீனைத் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று கடலில் விழுந்ததோடு போன வாரம் நின்றோம். ஈயமும் காட்மியமும் பாதரசமும் உடம்புக்குள் எங்கெங்கே போய்த் தங்கும் என்பதும் சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள கொல்லயில் ஊர்ப் பக்கத்து நாட்டுக்கோழி முட்டையைப் பற்றி எழுதுவதாக வாக்கு. எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவே 1966-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று கையில் சிக்கியது. அதன்பிறகு கோழியாவது முட்டையாவது! ஆசிரியர் கூப்பிட்டு "முட்டை என்ன ஆச்சு?" என்றார். "அடைகாக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயம் இறகைப் பற்றியது. பறவையின் இறகு முளைக்கும்போது அதன் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. அந்தச் சில வாரங்களில் ரத்தத்தில் என்ன இருந்ததோ அதில் ஒரு பங்கு இறகுக்குள் ஏறிவிடுகிறது. இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டினில் கந்தகம் அதிகம், பாதரசத்துக்குக் கந்தகத்தைக் கண்டால் விடாத பிடிப்பு. இறகு முழுதாக வளர்ந்ததும் ரத்தக்குழாய் சுருங்கி அடைபட்டுவிடும். அதற்குமேல் உள்ளிருந்து எதுவும் ஏறாது, உள்ளே ஏறியது இறங்கவும் செய்யாது. முளைத்த மாதத்தோடு எழுதி மூடப்பட்ட பற்றுவரவு நோட்டு அது. பறவை அதைத் தானே கழற்றிக் கீழே போட்டுவிட்டும் போகிறது!

இன்னொன்று கேளுங்கள். இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் பருவத்தில், பறவை தன் உடம்பில் உள்ள பாதரசத்தில் பெரும்பகுதியை இறகுகளுக்குள் தள்ளிவிடுகிறது. அதனால் முதலில் முளைக்கும் சிறகிறகில் பாதரசம் கூடுதலாகவும், அடுத்தடுத்து முளைப்பவற்றில் குறைந்துகொண்டும் போகும். ஒரே சிறகில் ஓர் இறகுக்கும் அடுத்த இறகுக்கும் அளவு வேறு. பெட்டைப் பறவைக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு, முட்டை. (பார்த்தீர்களா, முட்டையை நான் முழுக்க மறந்துவிடவில்லை.)

இப்போது ஸ்வீடன். 1940-களிலிருந்து அங்கே விதைத் தானியத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மீத்தைல் பாதரச மருந்தைத் தடவி விதைத்தார்கள். 'பானோஜென்' என்பது அதில் பேர்போன சரக்கு. 1950-களில் வயல்களில் புறாக்களும் ஃபெசன்ட்களும் செத்துக் கிடக்கத் தொடங்கின. கால்நடை மருத்துவ நிறுவனத்தின் கார்ல் போர்க், செத்த பறவைகளை அறுத்துப் பாதரசத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பறவைகளில் இந்தப் பாதரசம் எப்போதுமே இருந்ததா, புதிதாக வந்ததா? பழைய பறவைக்கு எங்கே போவது?

என் கையில் சிக்கிய அந்த ஆய்வைச் செய்தவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். நூறு வருஷமாகப் பாடம் செய்து இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்த பறவைகளிடமிருந்து இறகுகளை எடுத்து, அணு உலையின் நியூட்ரான்களால் தாக்கி, பாதரசத்தை அளந்தார்கள். நம் வல்லூற்றின் பெரியண்ணனான கோஷாக்கின் இறகில் பாதரசம் 1940 வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தது. பிறகு பத்து மடங்குக்கு மேல் தாவியது. கோஷாக் தானியம் தின்னாது, தானியம் தின்னும் பறவைகளைத் தின்னும். விதை மருந்து அதன் வயிற்றுக்கு வந்த வழி அது.

என்னை வேலை செய்யவிடாமல் அடித்தது இதற்கு அடுத்த வரிதான். மீன் தின்னும் விராலடிப்பானின் இறகில் அப்படித் திடீர்த் தாவல் இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலம்தொட்டே படிப்படியாக ஏறிக்கொண்டு வருகிறது. ஆலைகள் பெருகப் பெருக ஆற்றிலும் ஏரியிலும் கலந்த பாதரசம் அது. வயலில் தடவிய விஷம் ஒரு பறவையில், ஆலையிலிருந்து ஒழுகிய விஷம் இன்னொரு பறவையில். குற்றவாளிகள் இரண்டு பேர் என்பதை இரண்டு பறவைகள் தனித்தனியாகச் சாட்சி சொல்லியிருக்கின்றன, அதுவும் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்து! ஸ்வீடன் 1966-ல் அந்த விதை மருந்தைத் தடை செய்தது. கோஷாக்கின் இறகில் அளவு இறங்கியது.

அருங்காட்சியகப் பறவைகளிடம் ஒரு வில்லங்கமும் உண்டு. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோல்களில் ஆர்சனிக் சோப்பும் பாதரசக் குளோரைடும் பூசுவார்கள். அந்தப் பாதரசத்தையும் சேர்த்து அளந்தால் கணக்கு கெட்டுவிடும். பசிபிக் கடலின் கருங்கால் அல்பட்ரோஸை ஆராய்ந்து 2011-ல் எழுதியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பூசியது கனிமப் பாதரசம், பறவை தின்றது மீத்தைல் பாதரசம். மீத்தைல் பாதரசத்தைத் தனியாகப் பிரித்து அளந்தால் போதும். 1880 முதல் 2002 வரையிலான இறகுகளை அப்படிப் பார்த்தார்கள். ஏற்றம் தெரிந்தது.

நம் பக்கத்திலும் பழைய பறவைகள் உண்டு. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட ஹரால்டு ஃபெர்குசன் திருவிதாங்கூர்ப் பறவைகளைச் சேகரித்தவர். 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் முழுக்கச் சுற்றிப் பறவை சேகரித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோனார். நெய்யாற்றின்கரை தாலுகாவில் பெட்ரோல் வாசனை அரிதாக இருந்த காலத்து இறகுகள் அவை.

மனிதர்களுக்கு இறகு இல்லை, முடி இருக்கிறது. அதுவும் கெரட்டின்தான். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். 1971-ல் ஈராக்குக்கு வந்த விதைக் கோதுமையில் இதே மீத்தைல் பாதரசம் தடவியிருந்தது. எச்சரிக்கையாகச் சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள், மூட்டையில் எழுதியும் இருந்தார்கள். எழுதியிருந்த மொழி அந்த விவசாயிகளுக்குத் தெரியாது. கழுவினால் சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. அவர்கள் முட்டாள்களும் அல்லர். சிலர் அந்தக் கோதுமையை முதலில் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாள் பார்த்தும் கோழிகள் நன்றாகவே இருந்தன. பிறகுதான் ரொட்டி சுட்டார்கள். பாதரசம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்து அடிக்கும் சரக்கு என்பது கோழிக்கும் தெரியவில்லை. 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அங்கேயே 459 பேர் இறந்தார்கள். தாய்மார்களின் முடியைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி அளந்து, எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உடம்பில் இருந்தது, அப்போது குழந்தை வயிற்றில் எத்தனை மாதம் என்று மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள்.

சரி, கொல்லயிலுக்கு வருவோம். தனுவச்சபுரத்தைச் சுற்றி ஏலாக்களில் நெல் குறைந்து வாழையும் மரச்சீனியும் ஏறிவிட்டன. இருந்தாலும் புல் இருக்கிற இடத்தில் மாடு நிற்கும், மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு நிற்கும். மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளிதான் அதற்குச் சாப்பாடு. மாட்டுக்கும் கொக்குக்கும் ஒரே புல்லின் வழியாகத்தான் எல்லாம் வந்தாக வேண்டும். வீட்டு விலங்கும் காட்டுப் பறவையும் இவ்வளவு பக்கத்தில் நின்று ஒரே மண்ணைச் சாப்பிடும் ஜோடி வேறு கிடைக்காது. நான் வரப்பில் குனிந்து உதிர்ந்த இறகைப் பொறுக்குவதைப் பார்த்த அம்மச்சி ஒருத்தர் கேட்டார்: "எதுக்கு மக்கா இது, காது கொடயவா? அதுக்குக் கோழித் தூவல்தான் நல்லது."

உண்ணிக்கொக்கின் இறகை வைத்து உலோகம் பார்ப்பது என் கற்பனை அல்ல. பாகிஸ்தானில் செனாப், ராவி ஆறுகளின் ஓரத்திலும் ராவல் ஏரிக்கரையிலும் உள்ள கொக்குக் குடியிருப்புகளில் இறகு சேகரித்து ஈயம், காட்மியம், குரோமியமெல்லாம் அளந்து 2009-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையம் நீலகிரிப் பறவைகளில் உலோகங்களை அளந்து 2011-ல் எழுதியது. ஈயத்தில் ஒரு தொல்லை உண்டு. பாதரசம் போல அது உள்ளிருந்து மட்டும் வருவதில்லை, காற்றிலிருந்து தூசியாகவும் இறகின்மேல் படியும். அசிட்டோனில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஈயத் தூசி இங்கே எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். பாறசாலை, உதயன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை எல்லாம் பழைய 47, இன்றைய 66 எண் தேசிய நெடுஞ்சாலைமேல் கட்டிய ஊர்கள். 2000 பிப்ரவரி வரை இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் ஓடியது. புகை போய்விடும். ஈயம் மேல்மண்ணை விட்டு எளிதில் போகாது. மாட்டுக்கு மண்ணோடு சேர்த்துப் புல்லைப் பிடுங்கும் வழக்கம். உடைந்த பேட்டரித் தகடு கிடைத்தால் ருசித்து நக்கவும் செய்யும். உள்ளே போன ஈயத்தைச் சுண்ணாம்பென்று நம்பி எலும்பு வாங்கி வைத்துக்கொள்கிறது, பால் சுரக்கும் காலத்தில் சுண்ணாம்போடு சேர்த்து வெளியே விடுகிறது. இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஈய-துத்தநாக உருக்காலை போன்ற இடங்களைச் சுற்றி வளர்ந்த கறவை மாடுகளின் ரத்தத்தையும் பாலையும் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஏறினால் பாலிலும் ஏறுகிறது. கொல்லயிலில் உருக்காலை இல்லை, அந்த அளவுக்கு இங்கே பயப்பட நான் சொல்லவில்லை. ஆனால் பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பல்லாத திடப்பொருள்) பார்த்து விலை போடும் கருவியில் ஈயம் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் வாசகர் ஒருவரின் கேள்வி: ரப்பர்த் தோட்டத்தில் மழைக்கு முன் துருசு மருந்து அடிக்கிறார்கள், அங்கே ஆடு மேயலாமா? துருசு என்றால் செம்பு. வெள்ளாட்டுக்கு ஓரளவு தாங்கும். செம்மறிக்கு ஆகாது. செம்மறியின் ஈரல் செம்பை மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும். பிறகு ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, நேற்று வரை மேய்ந்துகொண்டிருந்த ஆடு படுத்துவிடும். மருந்தடித்த தோட்டத்தில் செம்மறியை விடாதீர்கள்.

கொக்குக்குத் திரும்புகிறேன். வரப்பில் பொறுக்கிய இறகு எங்கே முளைத்தது என்று யாருக்குத் தெரியும்? கொக்கு ஊர் சுற்றி. அதனால் விவரமானவர்கள் கூட்டில் இருக்கும் குஞ்சின் இறகைத்தான் கேட்பார்கள். அதன் உடம்பில் உள்ளது பெரும்பாலும் தாயும் தந்தையும் அந்த வட்டாரத்தில் பொறுக்கி ஊட்டியது. கூட்டில் கைவைக்க வனத்துறை அனுமதி வேண்டும், ஆகவே ஆர்வக்கோளாறில் யாரும் மரம் ஏற வேண்டாம்.

மரம் ஏறாமல், அனுமதி கேட்காமல், ஊரைவிட்டு எங்கும் போகாத ஒரு பறவையை ஆராய வேண்டுமென்றால் முற்றத்தில் கிளறிக்கொண்டிருப்பதுதான் இருக்கிறது. சிட்னியில் வீட்டுக் கொல்லைக் கோழிகளின் முட்டையில், கடை முட்டையைவிடச் சராசரியாக நாற்பது மடங்கு ஈயம் இருந்ததாக 2022-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். 'நாட்டு முட்டை' என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் இதற்குள் கொதிக்க ஆரம்பித்திருப்பீர்கள். கொல்லயில் சிட்னி அல்ல. எந்த முற்றத்து முட்டையைச் சாப்பிடலாம், எதை யோசிக்க வேண்டும் என்பது சுவரின் பழைய பெயின்ட்டையும் கோழி கிளறும் மண்ணையும் பொறுத்தது. அது அடுத்த வாரம். அடுத்த வாரம் எழுதுவதாக இருந்த கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையை அதற்கும் அடுத்த வாரத்துக்குத் தள்ள ஆசிரியரிடம் இன்னும் கேட்கவில்லை.

(தொடரும்)