மண்ணில் எவ்வளவு புளூட்டோனியம் இருக்கலாம்?

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே ராக்கி பிளாட்ஸ் ஆலையில் 1952 முதல் 1989 வரை அணுகுண்டுக்கான புளூட்டோனியப் பாகங்கள் தயாராயின. மாசுபட்ட மண்ணைத் துப்புரவாக்க 1996இல் வைக்கப்பட்ட வரம்பு, கிராமுக்கு 651 பிக்கோகியூரி கதிரியக்கம். மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வற்புறுத்திப் பெற்ற சுயேச்சையான ஆய்வு, 35தான் சரி என்றது. மண்ணும் ஒன்று, தனிமமும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? புளூட்டோனியத்தின் ஆல்பா கதிர் தோலைத் துளைக்காது. மூச்சோடு நுரையீரலில் போய்த் தங்கினால்தான் பெரிய ஆபத்து. ஆகவே அங்கே யார் இருப்பார், எவ்வளவு தூசி பறக்கும் என்ற அனுமானங்களே வரம்பைத் தீர்மானிக்கின்றன. அந்த ஆய்வு, அங்கேயே குடியிருந்து கால்நடை வளர்க்கும் குடும்பத்தையும், தீயில் புல் எரிந்தபின் எழும் தூசியையும் கணக்கில் எடுத்தது. நேர்மையான கணக்கு அதுதான்.

வனவிலங்குக் காப்பிடமாக்கப்பட்ட நிலத்தில் யார் குடியேறுவார் என்று கேட்கலாம். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். எந்த வேலியும் எந்த அரசாணையும் அவ்வளவு காலம் நிலைத்ததில்லை. தோண்டுவதே தூசியைக் கிளப்பும், கழிவு வேறோர் ஊருக்குப் போகும் என்ற மறுப்புக்கு வலு அதிகம். ஆனால் அது மண்ணை நனைத்து, மூடி, கவனமாகத் தோண்டச் சொல்லும் காரணமே தவிர, வரம்பைத் தளர்த்தும் காரணமல்ல. 2003இல் முடிவான வரம்பு 50. அதுவும் மேல் மூன்றடி மண்ணுக்கு மட்டும். அதற்குக் கீழே கூடுதலாக இருக்க அனுமதித்தார்கள். வளை தோண்டும் விலங்குகளும் மண்ணரிப்பும் உள்ள நிலத்தில் எனக்கு அச்சம் தருவது அந்த ஆழம்தான்.